டேங்கில் 56, குழாயில் 35: ராயக்கோட்டை வீடு ஒன்றின் வெந்நீர்க் கோளாறு

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். ராயக்கோட்டையிலிருந்து ஒரு போன். "தம்பி, சோலார் போட்டு ஏழு வருஷமாச்சு. மூணு மாசமா வெந்நீர் சரியா வரல. மூணு பேர் வந்து பாத்துட்டாங்க, நீங்க நாலாவது." பேசியவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். குரலில் கோபம் இல்லை. ஒரே கேள்விக்கு மூன்று பிள்ளைகள் மூன்று தப்பான விடை எழுதிய தாள்களைத் திருத்தி முடித்தவரின் அலுப்புதான் இருந்தது. நாலாவது தாள் என்னுடையது. முதல் நாள் நானும் தப்பாகத்தான் எழுதினேன். அதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

பாலக்கோட்டில் இருந்துகொண்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சோலார் ஹீட்டர் சர்வீஸ் பார்ப்பவன் நான். பத்து வீட்டில் எட்டு வீட்டுக் கோளாறு ஒரே மாதிரி இருக்கும்: உப்பு அடைப்பு, டியூப் உடைந்தது, பைப்பில் காற்று அடைத்துக்கொள்ளும் ஏர் லாக். இந்த வீடு அப்படி இல்லை.

வீடும் புகாரும்

கீழ்த்தளம், மேல்தளம், அதற்கு மேல் மொட்டைமாடி. படிக்கட்டு அறையின் தலையில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே மொட்டைமாடித் தரையில் தெற்குப் பார்த்து 200 லிட்டர் சோலார். 58 மில்லிமீட்டர் தடிமன், 1800 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடி டியூப்கள் இருபது. மேலே மகனும் மருமகளும் பள்ளிக்கூடம் போகும் பேரனும். கீழே வாத்தியாரும் அவருடைய தாயாரும். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் ஆயா. வயது 82.

புகார் இதுதான். காலையில் மேல்தளத்துக் குளியலறையில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வருகிறது. எவ்வளவு நேரம் விட்டாலும் அதே வெதுவெதுப்பு. பேரனைக் குளிப்பாட்ட மருமகள் தினமும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சுகிறார். சோலார் இருக்கிற வீட்டில் கேஸ் அடுப்பில் அண்டா ஏறுவது வாத்தியாருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

கீழே ஆயாவுக்கு மட்டும் குறை ஏதும் இல்லை. "எனக்கு நல்லாத்தானே வருது" என்றார். மருமகள் சிரித்துக்கொண்டே, "ஆயா ஊர்ல இல்லாதப்ப எங்களுக்கும் நல்லா வருதுங்கண்ணா. ஆயா வீட்ல இருந்தா தண்ணி சுடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டதிலேயே முக்கியமான துப்பு அதுதான். ஜோக் என்று நினைத்துக் காதில் வாங்காமல் விட்டுவிட்டேன்.

முன்னால் வந்த மூவர்

முதலில் வந்தவர் ஐப்பசியில் வந்திருக்கிறார். உப்பு என்று சொல்லி டேங்குக்குள் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனார். கழிவறை கழுவுகிற ஆசிட். உள் டேங்க் எஸ்எஸ் 304 என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கழிவறை ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக், அதில் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிமுனை போலப் பள்ளம் பறிக்கும். இன்றைக்கு ஒழுகாது, இரண்டு வருஷம் கழித்து வெல்டிங் ஓரத்தில் ஒழுகும். இதைச் செய்யாதீர்கள் என்று நான் எத்தனையோ வீட்டில் சொல்லியாகிவிட்டது.

இரண்டாவது ஆள் கார்த்திகை தீபத்தை ஒட்டி வந்து மூன்று டியூப் மாற்றினார். மறுநாளே சுடச்சுடத் தண்ணீர் வந்தது. பத்து நாள் வந்தது. அப்புறம் பழைய கதை. "டியூப் குவாலிட்டி சரியில்ல போல" என்று வாத்தியார் முடிவு கட்டியிருந்தார்.

மூன்றாவது ஆள் எலக்ட்ரிக் பேக்கப்பைப் பார்த்தவர். டேங்கில் 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று உண்டு. காலையில் சுவிட்சைப் போட்டால் அரைமணியில் இன்டிகேட்டர் அணைந்துவிடுகிறது, தண்ணீரோ சுடவில்லை. தண்ணீர் சூடானதும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று புதிதாக மாட்டினார். புதியதும் அரைமணியில் அணைந்தது.

மூன்று பேரையும் குறை சொல்ல மாட்டேன். அவரவர் கையில் இருக்கிற சாமானைக் கொண்டுதானே கோளாறைப் பார்க்கிறோம். ஆனால் அந்த அரைமணி விஷயத்தை யாராவது கொஞ்சம் யோசித்திருக்கலாம். 200 லிட்டர் தண்ணீரை 19 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற 8 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டர் என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல். டேங்க் உண்மையிலேயே ஆறிப்போயிருந்தால் அரைமணியில் தெர்மோஸ்டாட் கட் ஆகாது. கட் ஆகிறதென்றால் டேங்க் ஏற்கெனவே சூடாக இருக்கிறது. புதுத் தெர்மோஸ்டாட்டும் அதே நேரத்தில் அணைந்தபோது அந்த ஆளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். போன் பேசும்போதே வாத்தியார் இதை எனக்கும் சொன்னார். எனக்கும் வரவில்லை.

முதல் நாள், என் தப்பு

போய்ச் சேரும்போது மணி பதினொன்று. வெயில் ஏறிவிட்டது. நேரே மொட்டைமாடிக்குப் போனேன். வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

கண்ணாடி டியூப் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய், இடையில் வெற்றிடம். பிளாஸ்க் மாதிரி. அந்த வெற்றிடம் இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. டியூபின் அடிமுனை வெள்ளிக் கண்ணாடி போல மின்ன வேண்டும். பேரியம் பூச்சு அது. காற்று உள்ளே போனால் பால் போல வெளுத்துவிடும். தொட்டும் பார்க்கலாம்: நல்ல டியூபின் வெளிக்கண்ணாடி கொளுத்தும் வெயிலிலும் சுடாது, கெட்ட டியூப் சுடும். இருபதில் ஒன்று வெளுத்திருந்தது. கோளாறு கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது.

வெயிலில் டியூபைக் கழற்றக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். தண்ணீர் இல்லாத டியூப் வெயிலில் 200 டிகிரியைத் தாண்டும், அதில் பச்சத்தண்ணி பட்டால் படீரென்று வெடிக்கும். படுதா போட்டு மூடி, சாயங்காலம் வரை காத்திருந்து அந்த ஒன்றை மாற்றினேன். இறக்குவதற்கு முன்னால் டேங்கின் மேல்பக்கம் பைப்பை இணைக்கிற யூனியனைத் தளர்த்தி ஒரு செம்பு தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். நாள் முழுக்க மூடியிருந்தும் 52 டிகிரி. "சார், இனிமே பிரச்சினை இருக்காது" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கீழே இறங்கிக் குழாயைத் திறந்து பார்க்கவே இல்லை. வெந்நீர் வரவில்லை என்று கூப்பிட்ட வீட்டில் வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் வந்தவன் நான். மொட்டைமாடியில் டேங்க் சூடாக இருக்கிறது, அது போதும் என்று மனசு சொன்னது. இருபது டியூபில் ஒன்று போனால் சூடு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வீடு முழுக்க வெதுவெதுப்பாகிவிடாது. அந்தக் கணக்கையும் அன்றைக்குப் போடவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன். வாத்தியார் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அதே."

காலை ஐந்தரை மணி

இரண்டு நாள் கழித்து, யாரும் குளிப்பதற்கு முன்னால் போனேன். பனி மூட்டத்தில் ராயக்கோட்டை மலை தெரியவில்லை. தக்காளி மண்டிக்குப் போகும் வண்டிகளின் லைட் மட்டும் ரோட்டில் வரிசையாகத் தெரிந்தது. பையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு 15 லிட்டர் பக்கெட், போனில் ஸ்டாப்வாட்ச். இந்த முறை ஸ்பேனரைத் தொடுவதில்லை என்ற முடிவோடு போயிருந்தேன். அளந்து பார்க்க வேண்டும், அவ்வளவே.

மேல்தொட்டியில் பச்சத்தண்ணி 19 டிகிரி. சோலார் டேங்கின் மேல் யூனியனில் 56 டிகிரி. விரலைச் சுட்டுக்கொண்டேன். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்தும் 56. டேங்க், அதைச் சுற்றிச் சூட்டைக் காக்கிற பஃப், டியூப் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன.

மேல்தளக் குளியலறையில் சுடுதண்ணிக் குழாயை மட்டும் முழுசாகத் திறந்தேன். முதலில் குளிர்ந்த தண்ணீர். அது நியாயம். டேங்கிலிருந்து குழாய் வரைக்கும் வெந்நீர் தாங்குகிற முக்கால் இஞ்ச் சிபிவிசி பிளாஸ்டிக் பைப் பன்னிரண்டு மீட்டர், அதில் ராத்திரி நின்று ஆறிய தண்ணீர் மூன்று லிட்டர் இருக்கும். அது போன பிறகு 56 இல்லாவிட்டாலும் 54 வர வேண்டும். 35 வந்தது. ஒரு பக்கெட் நிறைந்தது, 35. இரண்டாவது பக்கெட்டும் 35. ஒரு பக்கெட் நிறைய 100 வினாடி.

இதைக் கேட்டதும் வாத்தியார் பேப்பரை எடுத்துவிட்டார். பைப்பில் ஆறுகிறது என்றால் தண்ணீர் ஓட ஓடச் சூடு ஏற வேண்டும், ஏறவில்லை. டேங்க் காலியாகிறது என்றால் ஓட ஓடக் குறைய வேண்டும், குறையவும் இல்லை. நிலையாக 35 என்றால் எங்கோ ஓரிடத்தில் ஒரே அளவில் பச்சத்தண்ணி கலக்கிறது. 56ம் 19ம் கலந்து 35 ஆக வேண்டுமானால் நூற்றுக்கு 43 பங்கு சுடுதண்ணி, 57 பங்கு பச்சத்தண்ணி. "பாதிக்கு மேல பச்சத்தண்ணிதான் வருதா?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

வால்வை மூடியதும்

இதை உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லை, யாரும் தன் வீட்டில் செய்யலாம்.

சோலார் டேங்கில் பச்சத்தண்ணி கீழ்ப்பக்கமாக உள்ளே போகும், சுடுதண்ணி மேல்பக்கமாக வெளியே வரும். கீழே ஒரு லிட்டர் போனால்தான் மேலே ஒரு லிட்டர் வரும். ஆகவே உள்ளே போகிற பைப்பில் இருக்கும் கேட் வால்வை மூடிவிட்டால், சுடுதண்ணிக் குழாயில் பைப்பில் மிச்சம் இருக்கும் தண்ணீர் வடிந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிட வேண்டும்.

மூடினேன். மருமகள் மேல்தளக் குளியலறையில் நின்று கத்தினார்: "நிக்கலைங்கண்ணா, வந்துகிட்டே இருக்கு. ஜில்லுனு வருது."

பக்கெட்டை வைத்து அளந்தோம். 15 லிட்டர், 2 நிமிஷம் 20 வினாடி. சோலார் டேங்கிலிருந்து ஒரு சொட்டுகூட வராத நிலையில், சுடுதண்ணிக் குழாயில் நிமிஷத்துக்கு ஆறு லிட்டருக்கு மேல் 19 டிகிரித் தண்ணீர். வீட்டில் எங்கோ பச்சத்தண்ணி லைனுக்கும் சுடுதண்ணி லைனுக்கும் ஒரு பாலம் இருக்கிறது.

சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் சந்திக்கிற இடங்கள் அந்த வீட்டில் மூன்றே. மேல்தளக் குளியலறை மிக்சர், அதன் பச்சத்தண்ணிக் கைப்பிடி மூடி இருந்தது. சமையலறை சிங்க்கில் இரண்டும் தனித்தனிக் குழாய். மூன்றாவது கீழ்த்தளத்தில் ஆயாவின் குளியலறை.

ஆயா அப்போதுதான் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். சுவரில் வால் மிக்சர்: இடது பக்கம் சுடுதண்ணி, வலது பக்கம் பச்சத்தண்ணி, நடுவிலிருந்து ஒரு ஹோஸ், ஹோஸ் முனையில் அமுக்கினால் தண்ணீர் வருகிற கை ஷவர். இரண்டு கைப்பிடியும் பாதி திறந்தபடி இருந்தன. ஷவரிலிருந்து ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பார்க்கிறவர்களுக்கு எல்லாக் குழாயும் மூடிய குளியலறை போலத்தான் தெரியும்.

ஆடியில் அந்தக் குளியலறையை இடித்து டைல்ஸ் மாற்றியபோது, ஆயா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே குளிக்கட்டும் என்று வாத்தியாரின் மகன் ஆசையாக வாங்கி மாட்டிய ஷவர் அது. ஆயாவின் விரல்களில் முட்டி வீக்கம். கைப்பிடிகள் உப்பு பிடித்து இறுகிக் கிடக்கின்றன. அதனால் ஒரு நாள் தனக்குப் பிடித்த பதத்துக்கு இரண்டையும் திறந்துவைத்தவர், அப்படியே விட்டுவிட்டார். வேண்டும்போது ஷவரை அமுக்குவார், விட்டால் நின்றுவிடும். "தெனம் எவன் திருவிகிட்டு இருப்பான்?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

கைப்பிடி இரண்டும் திறந்து ஷவர் மூடியிருக்கும்போது, மிக்சரின் வயிற்றுக்குள் பச்சத்தண்ணி லைனும் சுடுதண்ணி லைனும் ஒன்றாகிவிடுகின்றன. மேலே யாராவது சுடுதண்ணிக் குழாயைத் திறந்தால், சோலார் டேங்க் வழியாகச் சுற்றி வருவதைவிட இந்தக் குறுக்குவழி தண்ணீருக்குச் சுலபம். மேல்தொட்டியிலிருந்து ஒரு இஞ்ச் பைப்பில் கீழே இறங்கி, ஆயாவின் மிக்சருக்குள் புகுந்து, சுடுதண்ணி பைப்பில் மேலேறி, மருமகளின் பக்கெட்டில் விழுகிறது.

"கீழ்த்தளத்துலேர்ந்து மேல்தளத்துக்குத் தண்ணி எப்படித் தம்பி ஏறும்?" என்று வாத்தியார் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே தலையில் தட்டிக்கொண்டார். மேஸ்திரி டியூப் லெவல் பிடிப்பதைப் பார்க்காதவர் உண்டா? தண்ணீர் தன் மட்டத்தைத் தேடி ஏறும். முப்பது வருஷம் அதைத்தான் பாடம் எடுத்திருக்கிறார்.

ஆயாவின் மிக்சரில் இரண்டு கைப்பிடியையும் ஸ்பேனர் வைத்து மூடினேன். மேலே ஓடிக்கொண்டிருந்த குழாய் அடங்கிச் சொட்டி நின்றது. மொட்டைமாடி வால்வைத் திறந்தேன். கொஞ்ச நேரம் காற்றும் தண்ணீருமாகத் துப்பிவிட்டு வந்தது: 54 டிகிரி. மருமகள் கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அப்படியானால் ஐப்பசி வரை ஏன் தெரியவில்லை

வாத்தியார் விடவில்லை. ஷவர் மாட்டியது ஆடி. புகார் ஐப்பசி. நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் நன்றாகத்தானே குளித்தோம்?

அதற்கும் அதே கணக்குதான் விடை. ஆடி ஆவணியில் பச்சத்தண்ணி 26 டிகிரி என்றும், நல்ல வெயிலில் டேங்க் 68 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். அதே 43க்கு 57 கலவையில் குழாயில் 44 டிகிரி வரும். 40 டிகிரி இருந்தாலே குளிக்கப் போதும். கோளாறு ஆடியிலிருந்தே இருந்திருக்கிறது, வெயில் அதை மூடி மறைத்திருக்கிறது. மழையும் பனியும் வந்து டேங்கும் இறங்கி, பச்சத்தண்ணியும் இறங்கியதும் 35 ஆகிவிட்டது.

இரண்டாவது ஆள் வாங்கிய நல்ல பேருக்கும் காரணம் தெரிந்தது. கார்த்திகை தீபத்துக்கு ஆயா மாரண்டஹள்ளியில் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கியிருக்கிறார். அவர் போனதும் மருமகள் குளியலறையைக் கழுவிக் குழாய்களை இறுக்கி மூடியிருக்கிறார். அந்த வாரம்தான் டியூப் மாற்றினார்கள். தண்ணீர் சுட்டது. ஆயா திரும்பினார், கைப்பிடியைப் பேரனை விட்டுத் திறந்துகொண்டார், தண்ணீர் சுடவில்லை. ஆயா வீட்டில் இருந்தால் தண்ணீர் சுடாது என்று மருமகள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பழியெல்லாம் டியூப் கம்பெனிக்குப் போனது. ஆயாவுக்கு மட்டும் குறை இல்லாததன் காரணமும் இதுவே. அவருக்கு எப்படியும் இரண்டையும் கலந்துதான் வேண்டும், அவருடைய மிக்சர் அதைச் சரியாகத்தான் செய்தது.

உப்பின் பங்கு

பாலத்தை மூடியபின் மேல்தளக் குழாயில் சூடு வந்தது, ஆனால் வேகம் போய்விட்டது. 15 லிட்டர் நிறைய 3 நிமிஷத்துக்கு மேல் ஆனது. முன்பு 100 வினாடியில் நிறைந்ததே, அதில் பாதிக்கு மேல் குறுக்குவழியில் வந்த பச்சத்தண்ணி. சோலார் வழியாக வரவேண்டிய தண்ணீருக்கு எங்கோ தடை இருந்திருக்கிறது, பாலம் அதை மறைத்திருக்கிறது.

பச்சத்தண்ணி டேங்குக்குள் நுழைகிற யூனியனைக் கழற்றினேன். முக்கால் இஞ்ச் வாய், சுண்டுவிரல் நுழையாது. உள்ளே சுற்றிலும் வெள்ளையாக, மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காகக் கட்டியிருந்தது. முதலில் வந்தவர் ஊற்றிய ஆசிட் டேங்குக்குள் போயிருக்கிறது, இந்த வாய்க்கு வரவில்லை.

வாத்தியார் ஒரு துண்டைக் கையில் எடுத்து, "புளோரைடு" என்றார். நம் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல ஊர்களில் புளோரைடு அதிகம், பல்லில் காவி படிவதை இங்கே பார்க்காதவர்கள் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததும் அதற்காகத்தான். ஆனால் புளோரைடு பல்லையும் எலும்பையும்தான் பிடிக்கும். பைப்பைப் பிடிப்பது சுண்ணாம்பு. போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகிப் படிகிறது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது நேர்மாறு, சூட்டில் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். சமையலறையிலிருந்து அரை எலுமிச்சம்பழம் வாங்கி அந்தத் துண்டின்மேல் பிழிந்தேன். நுரைத்துப் பொங்கியது. வாத்தியார் ஒப்புக்கொண்டார்.

அந்த வீட்டில் குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர். குளிக்க, துவைக்க எல்லாம் போர். என்னிடம் இருந்த பேப்பர் ஸ்ட்ரிப்பில் கடினத்தன்மை 400 பிபிஎம்முக்கு மேல் காட்டியது. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம் 200 வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஒப்புக்கொள்கிறது. குடிக்கலாமா என்ற கேள்விக்கான அளவு அது. சூடு பண்ணுகிற டேங்குக்கு 400 என்பது வருஷம் ஒருமுறை கழற்றிப் பார் என்று அர்த்தம்.

சரி செய்தது

நுழைவாயில் இருந்த நிப்பிள் என்கிற இணைப்புத் துண்டைப் புதிதாக மாற்றினேன். டேங்குக்குக் கழிவறை ஆசிட் கிடையாது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து நிரப்பி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, விடியற்காலையில் வெயில் ஏறுமுன் வடித்து இரண்டு முறை அலசினேன். வடிந்த தண்ணீர் சுண்ணாம்பு அடித்த வாளியைக் கழுவியது போல வந்தது.

ஆயா விஷயம்தான் யோசிக்க வைத்தது. "இனிமே ரெண்டையும் மூடச் சொல்லிடலாம்" என்றார் மகன். சொல்லலாம். ஆயா மூன்று நாள் கேட்பார். அந்த விரலால் தினம் நாலு முறை திருக முடியாது. அமுக்கு ஷவரை எடுத்துவிட்டுப் பழையபடி சொம்பும் பக்கெட்டும் கொடுக்கலாம், குனிந்து மொள்ள வேண்டும். 82 வயதில் ஒருவரின் பழக்கத்தை மாற்றுவதைவிட இரண்டு என்ஆர்வி மாட்டுவது சுலபம். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு அது.

முதலில் ஒன்று போதும் என்றுதான் நினைத்தேன். பச்சத்தண்ணி சுடுதண்ணி லைனுக்குள் ஏறுவதுதானே பிரச்சினை, சுடுதண்ணிப் பக்கம் மிக்சரை நோக்கி அம்புக்குறி வைத்து ஒன்று போட்டால் சரி. ஆனால் கீழே கழிவறைத் தொட்டி நிரம்பும்போது பச்சத்தண்ணி லைனில் அழுத்தம் குறையும். அப்போது சுடுதண்ணி அதே மிக்சர் வழியாகப் பச்சத்தண்ணி லைனுக்குள் போகும். யாரும் கவனிக்காமல் வெந்நீர் கழிவறையில் போய்ச் சேரும். அதனால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மேல்தொட்டியிலிருந்து கீழ்த்தளத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல் உயரம் இருப்பதால் அழுத்தம் போதும். ஸ்பிரிங் வைத்தது வேண்டாம், இந்தத் தண்ணீரில் ஸ்பிரிங் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று உள்ளே மடல் ஆடுகிற பித்தளை வகையைப் படுக்கை வசத்தில் வைத்தேன். இரண்டு பக்கமும் யூனியன். டைல்ஸ் உடைக்காமல் வெளியே தெரிகிற இடத்தில் வைத்ததில் மகனுக்குக் கொஞ்சம் வருத்தம், பார்க்க நன்றாக இல்லையாம். உள்ளே புதைத்தால் அடுத்த முறை கழற்ற டைல்ஸை உடைக்க வேண்டும் என்றதும் விட்டுவிட்டார்.

இறுகிக் கிடந்த கைப்பிடிகளையும் கால்வட்டம் திருப்பினால் போதும் என்கிற வகைக்கு மாற்றினேன். ராத்திரி படுக்கும்போது மருமகள் அவற்றை மூடிவிடுவார். என்ஆர்வி இருக்கிறதே என்று திறந்தே விட்டால் ஹோஸ் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், ஒரு நாள் ஹோஸ் வெடித்தால் மேல்தொட்டி முழுக்கக் குளியலறையில் போகும்.

எல்லாம் முடித்துவிட்டு, ஆயாவின் கைப்பிடிகள் இரண்டையும் திறந்துவைத்து, மொட்டைமாடி வால்வை மறுபடி மூடச் சொன்னேன். மேல்தளக் குழாய் கொஞ்சம் வடிந்து நின்றது. வால்வைத் திறந்ததும் 15 லிட்டர் 100 வினாடியில் நிறைந்தது. பழைய வேகம்தான், இந்த முறை முழுக்கச் சுடுதண்ணி, 54 டிகிரி. 56 டிகிரியில் 200 லிட்டர் இருந்தால் பச்சத்தண்ணி கலந்து ஏழெட்டுப் பேர் தாராளமாகக் குளிக்கலாம். இந்த வீட்டில் ஐந்து பேர்.

மூன்றாவது ஆள் கழற்றிய பழைய தெர்மோஸ்டாட் அலமாரியில் இருந்தது. வெந்நீரில் போட்டுச் சோதித்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. அதை வாத்தியார் வைத்துக்கொண்டார். நான் முதல் நாள் வாங்கிய சர்வீஸ் கூலியை இரண்டாவது பில்லில் கழித்துவிட்டேன், டியூப் காசு மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் வாத்தியார் பேசினார். அண்டா பரணுக்குப் போய்விட்டதாம். ஆயா மட்டும் ஒரு புகார் வைத்திருக்கிறார்: இப்போது ஷவரில் முன்னைவிடச் சூடாக வருகிறது, பதம் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அடைப்பு எடுத்ததால் சுடுதண்ணி வேகம் கூடியிருக்கிறது, கைப்பிடியைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொன்னேன். சுடுதண்ணிப் பக்கத்து என்ஆர்வியின் மடலில் சுண்ணாம்பு பிடிக்கத்தான் செய்யும். பிடித்தால் அது மூடாமல் நிற்கும், பழைய கதை திரும்பும். ஆடி பிறந்ததும் போய் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வாத்தியார் காலண்டரில் ஆடி ஒன்றாம் தேதியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.